புள்ளியம்மா எடுத்த புலிக்கணக்கு

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த வாய்க்கு ஆயுசுக்கும் பிரியாணி கெடைக்காமப் போகட்டும். இதுக்கு மேல என்ன சத்தியம் வேணும் உங்களுக்கு?

ஒரு காட்டுல புள்ளியம்மான்னு ஒரு மானு இருந்துச்சு. அப்பத்தான் குட்டி போட்டிருந்துச்சு. குட்டிக்குத் தண்ணி காட்டணும்னா குட்டைக்குப் போகணும். குட்டையோரம் மருதய்யான்னு ஒரு புலி, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா காலை நீட்டிப் படுத்துக் கெடக்கும். எப்படிப் போறது?

அந்தக் காட்டு மரத்துலயெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க கேமரா கட்டி வச்சிருந்தாங்க. எது நடந்து போனாலும் படக்குனு படம் புடிச்சிரும். படம் மலையாட்டம் குவிஞ்சு போச்சு. பாக்க ஆளில்ல. உடனே ஆன்லைன்ல ஊருக்கே சொல்லிட்டாங்க: "படத்தைப் பாருங்க, என்ன மிருகம்னு அமுக்குங்க. சம்பளம் கெடையாது. நெறையப் பேரு எதைச் சொல்றீங்களோ, அதான் விஞ்ஞானம்."

சுத்திப் பாக்க வந்தவங்ககிட்டேர்ந்து சொக்கன்ங்கிற கொரங்கு ஒரு போனைப் புடுங்கி வச்சிருந்துச்சு. "நீயும் சேருக்கா, அறிவு வளரும்"னு புள்ளியம்மாகிட்ட நீட்டுச்சு.

மொத படமே மருதய்யா. வாயைப் பொளந்து கொட்டாவி விடுது.

புள்ளியம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு 'ஒண்ணுமில்ல'ன்னு அமுக்கிருச்சு.

"அக்கா, அது புலிக்கா!"

"தெரியும்டா. நெறையப் பேரு இல்லன்னா இல்லதானே? கூப்புடு நம்ம சனத்தை."

மான் கூட்டமே ஆளுக்கொரு பேர்ல சேந்து, புலி வந்த படத்துக்கெல்லாம் 'ஒண்ணுமில்ல'ன்னு அமுக்குச்சு.

ஆராய்ச்சிக்காரங்க பாத்தாங்க. "அடப் பாவமே, புலியே இல்லாத காடு!"ன்னு கண்ணு கலங்கி, லாரியில ரெண்டு புலியக் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டாங்க.

தனியாக் கெடந்த மருதய்யாவுக்குக் கூட்டாளி கெடைச்ச குஷி. குட்டையச் சுத்தி எங்க பாத்தாலும் மீசை.

"இப்பவாச்சும் உண்மைய அமுக்குவியாக்கா?"ன்னுச்சு சொக்கன்.

"மூணுன்னு உண்மையச் சொன்னா மூணும் இங்கயேதான்டா கெடக்கும். குடு போனை!"

அன்னையிலேர்ந்து முயலு போனா புலி. மயிலு போனா புலி. காத்துல எலை ஆடுனாக்கூட புலி.

ஆராய்ச்சிக்காரங்களுக்கு வேர்த்துருச்சு. "ஒரே காட்டுல இத்தனை புலியா! அடுத்த காட்டுக்கு மாத்துங்கப்பா"ன்னு வரிசையா லாரிய அனுப்புனாங்க. மூணு புலியையும் ஏத்துனாங்க. லாரி காலியாத்தானே இருக்குன்னு ஒரு முயலையும் புடிச்சாங்க.

"சார், நான் முயலுங்க சார்!"

"கம்ப்யூட்டர்ல புலின்னு இருக்கு. எங்களவிட ஒனக்குத் தெரியுமோ? ஏறு ஏறு."

புள்ளியம்மா குட்டி அன்னைக்கு வயிறு முட்டத் தண்ணி குடிச்சுச்சு. அந்த முயலு இன்னைக்கும் அடுத்த காட்டுல புலிதான். அருகம்புல்லு திங்கிற புலி.

நீதி: ஆராய்ச்சிக்கு உதவப் போனா பொய் சொல்லக் கூடாது. சொல்லித்தான் ஆகணும்னா கூட்டிச் சொல்லணும், கொறைச்சு மட்டும் சொல்லவே கூடாது.

கேட்டாச்சுல்ல? ஒரு டீ, ரெண்டு உளுந்த வடை எடுத்து வைங்க. சம்பளமில்லாம ஒழைக்கிறதுக்கு நான் என்ன மானா?