மேற்படி தேவை உயிரோடு இருக்கிறதா?

வெண்டல் ஸ்டம்போ பொய் சொல்ல மாட்டாரு. ராக்லிக் பள்ளத்தாக்குல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சர்ச்ல இருபது வருஷமா டீக்கன், பாதிரிக்கு அடுத்த பொறுப்பு. மீன் புடிச்ச கதையைக்கூட மீனோட சரியான நீளத்துலதான் சொல்வாரு. அந்த ஒரு குணத்தாலதான் மாவட்டமே பீன்ஸ் இல்லாமப் போச்சு.

விஷயம் ரொம்பச் சாதாரணம். அம்பத்தாறு வயசுல அவருக்கு ஒரு சப்மெஷின் கன் வாங்கணும்னு ஆசை வந்துச்சு. விசையை ஒரு தடவை அமுக்கிப் புடிச்சா, விடற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருக்கும் பாருங்க, அது. எங்க கென்டக்கி மாகாணத்துல சாதாரண ஜனங்க அதை வாங்கலாம். ஆனா எண்பத்தாறாம் வருஷத்துக்கு முன்னாடி பதிவானதை மட்டும்தான் வாங்கலாம். அதுக்கப்புறம் புதுசா ஒண்ணுகூடச் சேரல, பழசை வெச்சிருக்கறவங்க விடவும் மாட்டேங்கறாங்க. அதனால ஒவ்வொண்ணும் விலையில ராஜகுமாரி மாதிரி. வெண்டல் தன் மீன்பிடிப் படகை வித்துட்டு டெல்பர்ட்டோட துப்பாக்கிக் கடையில ஒண்ணைப் புடிச்சாரு. அவரைவிட பதினாலு வயசு மூத்த துப்பாக்கி.

வீட்ல பொண்டாட்டி வெர்னா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இதை வெச்சு என்ன பண்ணுவ?"

வெண்டல் யோசிச்சாரு. அன்னைக்கு முழுக்க யோசிச்சாரு.

வாங்கியாச்சே தவிர வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அரசாங்கத் துப்பாக்கி இலாகாவோட தலைமை ஆபீஸ் அனுமதி வர்ற வரைக்கும் அது டெல்பர்ட்டோட இரும்புப் பெட்டிக்குள்ளதான் இருக்கணும். சனிக்கிழமை காலைல போய்ப் பாக்கலாம், பதினஞ்சு நிமிஷம். டெல்பர்ட் கூடவே நிப்பாரு. வெண்டல் அதை மடியில வெச்சு எண்ணெய் போட்டுத் துடைப்பாரு, அந்த வாரம் நடந்ததையெல்லாம் மெதுவாச் சொல்வாரு. அவரை மாதிரி இன்னும் பதினோரு பேர் பெஞ்சுல தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டுத் தங்கள் முறைக்காகக் காத்திருப்பாங்க. ஜெயில்ல சொந்தக்காரங்களைப் பாக்க வந்தவங்க மாதிரியே மூஞ்சி.

விண்ணப்பப் பாரத்துல எல்லாம் சுலபமாத்தான் இருந்துச்சு. பேரு, போட்டோ, பத்து விரல் ரேகை. பதினாலாவது கேள்விலதான் வெண்டல் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. 'மேற்படி ஆயுதம் விண்ணப்பதாரருக்கு எந்த நியாயமான தேவையின் பொருட்டு வேண்டப்படுகிறது?' வெர்னா கேட்ட அதே கேள்வி. ஆபீஸ் உடுப்பு மாட்டிக்கிட்டு வந்திருக்கு.

"எல்லாரும் ஒரே பதில்தான் எழுதுவாங்க பிரதர்," டெல்பர்ட் சொன்னாரு. "'சட்டத்துக்கு உட்பட்ட சகல காரியங்களுக்கும்.' எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"சகல காரியம்னா? பல்லு வெளக்கறதும் சட்டத்துக்கு உட்பட்டதுதான. இதுல நான் பல்லு வெளக்கப் போறதில்லையே."

"எழுதிட்டுப் போவீங்களா."

"கீழ சத்தியம்னு போட்டிருக்கு டெல்பர்ட்."

வீட்டுக்கு வந்து தோட்டத்தைப் பாத்தாரு. வெர்னாவோட பீன்ஸ் கொடிக்கு நடுவுல ஒரு குண்டு அணில் உக்காந்து தின்னுக்கிட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் அது முக்கால்வாசிப் பேர் நிலத்துல உண்டு. அணில் ஜாதிதான், ஆனா பூனை சைஸு. மரம் ஏற நேரமில்லாம மண்ணுல வளை தோண்டி, ஊரான் தோட்டத்துல உடம்பு வளக்கும். வெண்டலுக்கு மனசு நிறைஞ்சு போச்சு. உண்மையான தேவை ஒண்ணு கண்ணு முன்னாடி மென்னுக்கிட்டு இருக்கே. 'என் மனைவியின் பீன்ஸைத் தின்னும் ஒரு குண்டு அணிலை அப்புறப்படுத்த' அப்படின்னு எழுதி அனுப்பிட்டாரு.

வெர்னாவோட பீன்ஸ் பத்தி இங்க சொல்லியாகணும். ஆகஸ்ட் மாசம் மாவட்டக் கண்காட்சி. அதுல பீன்ஸை ஊசி நூல்ல மாலையாக் கோத்துக் காயவெச்சு ஜோடிச்சுத் தொங்கவிடற போட்டி. ஆறு வருஷமா வெர்னாவுக்கு ரெண்டாவது பரிசு. ஆறு வருஷமா மொதப் பரிசு பக்கத்து நிலத்து ஹோமர் ராட்லிஃபோட பொண்டாட்டிக்கு. ஏழாவது வருஷமும் ரெண்டாவதா வந்தா, தான் இந்த ஊர்லயே இருக்கப்போறதில்லைன்னு வெர்னா பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லியிருந்தாங்க. சத்தம் போட்டுச் சொல்லல. அதனாலதான் வெண்டலுக்கு பயம்.

ரெண்டு மாசத்துல ஆபீஸ்ல இருந்து கடுதாசி. டெல்பர்ட் கடை பெஞ்சுல இருந்த பதினோரு பேரும் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. அவங்க 'சகல காரியம்' எல்லாம் வருஷக்கணக்கா பதிலே இல்லாமக் கிடக்கு.

'தங்கள் தேவை இவ்வலுவலகத்தின் கனிவான கவனத்தைப் பெற்றுள்ளது. மேற்படி தேவையின் புகைப்படம், முன்புறமும் பக்கவாட்டிலும், தலா இரண்டு பிரதிகள் அனுப்பவும். மேற்படி தேவை அனுமதி வழங்கும் நாள்வரை தொடர்ந்து நிலவ வேண்டும். இறப்பு, இடப்பெயர்வு அல்லது பிற காரணங்களால் தேவை நீங்குமாயின் விண்ணப்பம் காலாவதியாகும்.'

வெண்டல் ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் காரை வேகமா ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. ஏன்னா அன்னைக்குக் காலைலதான் வெர்னா கம்பிக்கூண்டு வெச்சு, உள்ள முலாம்பழத் துண்டு போட்டிருந்தாங்க.

கூண்டுக்குள்ள குண்டு அணில் பழத்தை முடிச்சுட்டு உக்காந்திருந்துச்சு. வெண்டல் கதவைத் திறந்துவிட்டாரு. தலையை நிமித்தினா, வெர்னா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கறாங்க.

"வெண்டல், இந்த வீட்ல ஏற்கெனவே நாலு துப்பாக்கி இருக்கு."

"தெரியும்."

"அதுல ஒண்ணை எடுத்து ஒரே ஒரு குண்டு."

"சுட்டா தேவை தீந்துடும் வெர்னா. தேவை தீந்துட்டா துப்பாக்கி தர மாட்டாங்க."

"துப்பாக்கி எதுக்கு?"

"இதைச் சுடறதுக்கு."

வெர்னா அவரையே பாத்தாங்க. முப்பத்தோரு வருஷக் கல்யாணம். "சரி," அப்படின்னாங்க. மறுநாள் கடைக்குப் போய்க் கோழி வலை வாங்கிட்டு வந்து, பீன்ஸ்ல ஒரே ஒரு வரிசையை மட்டும் சுத்திக் கட்டினாங்க. அந்த ஒரு வரிசைதான் இனி அவங்க கண்காட்சி. மீதி எல்லாம் ஆபீஸுக்கு.

அப்புறம் ஆரம்பிச்சுது ஃபேஷன். வெண்டலுக்கு பதில் வந்த சேதி பரவி, மாவட்டத்துல இருக்கற எல்லா ஆம்பளைங்களும் பதினாலாவது கேள்வியை அடிச்சுத் திருத்திக் குண்டு அணில்னு எழுதினாங்க. அணில் இல்லாதவங்க வெளியூர்ல இருந்து புடிச்சுட்டு வந்தாங்க. போட்டோவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் இரவல் கொடுத்தவங்களும் உண்டு. இரவல் விஷயத்தை ஆபீஸ் கண்டுபுடிச்சுட்டதாவும், பதினேழு விண்ணப்பத்துல ஒரே அணில் ஒரே மாதிரி கொட்டாவி விடுதுன்னு கடுதாசி வந்ததாவும் பேச்சு. ஹோமர் ஒண்ணு புடிச்சுட்டு வந்து பொண்டாட்டியோட பீன்ஸை மொத்தமாத் தின்ன விட்டாரு. அது சேதாரம் இல்லியாம், அத்தாட்சியாம்.

வெண்டல் தன்னுதுக்கு 'மேற்படியார்'னே பேரு வெச்சுட்டாரு. காலைல எழுந்ததும் தோட்டத்துக்குப் போய் மேற்படியார் இருக்காரான்னு பாப்பாரு. தும்மினா கவலைப்படுவாரு. கழுகு வட்டமடிச்சா ஓடிப்போய் வளைக்குப் பக்கத்துல நிப்பாரு. வெயில்ல அது எதுக்கு அலையணும்னு, அவரே பீன்ஸைப் பறிச்சுட்டுப் போய் வளை வாசல்ல வெச்சாரு.

அந்த ஆகஸ்ட்ல வலைக்குள்ள இருந்த வரிசை மாலைக்குத் தேறல, வெர்னா போட்டிக்கே போகல. குளிர்காலத்துல ஒரு சிக்கல். இந்த ஜாதி நாலு மாசம் வளைக்குள்ள சுருண்டு தூங்கும். வெண்டல் பொய் சொல்லாதவர் இல்லையா, ஆபீஸுக்கு எழுதிப்போட்டாரு. பதில் வந்துச்சு: 'தேவை உறக்கத்தில் இருந்த நாட்கள் காத்திருப்புக் காலத்தில் கணக்கிடப்படமாட்டா.'

அடுத்த ஜூலைல ஆபீஸரே நேர்ல வந்தாரு. பிங்க்லின்னு பேரு, ஒல்லியான ஆளு. கையில தராசு, அளவு நாடா, தடிமனா ஒரு ஃபைல். மேற்படியாரை எடை போட்டாரு. போன வருஷப் போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்து, 'தேவை இருமடங்காகியுள்ளது'ன்னு எழுதினாரு. அப்புறம் வெர்னா பக்கம் திரும்பினாரு. பதிமூணு மாசக் காத்திருப்பு இப்போ வெர்னா நாக்கு நுனியில.

"மேடம், இந்தப் பிராணி தங்கள் பீன்ஸைத் தின்கிறதா?"

வெர்னா மொட்டையா நின்ன கம்புகளைப் பாத்தாங்க, வலைக்குள்ள இருந்த ஒரே வரிசையைப் பாத்தாங்க, புருஷனைப் பாத்தாங்க.

"திங்குது. அதுக்குச் சிரமம் வேண்டாம்னு இவரே பறிச்சுக் கொடுக்கறாரு."

பிங்க்லி அதையும் எழுதினாரு. 'விண்ணப்பதாரர் தேவையைத் தம் சொந்த உழைப்பால் பராமரித்து வருவது பாராட்டத்தக்கது.' அனுமதி முத்திரையை அங்கயே, வேலிக்கம்பு மேல வெச்சுக் குத்தினாரு.

மறுநாள் தேவையை நிறைவேத்தற நாள். பிங்க்லி சாட்சியா இருந்தாரு. டெல்பர்ட்டும் ஹோமரும் பாதி சர்ச்சும் வெண்டலுக்குப் பின்னால வந்து நின்னாங்க. எதிர்ல வெறும் மலைச்சரிவு. துப்பாக்கிக்குள்ள முப்பத்திரண்டு குண்டு போட்டாரு வெண்டல். காதுல பஞ்சு வெச்சுக்கிட்டாரு.

மேற்படியார் வளையில இருந்து வெளில வந்தாரு. வெண்டலைப் பாத்தாரு. பின்னங்கால்ல நிமிந்து உக்காந்து, பீன்ஸ் எங்கன்னு முன்னங்கையை நீட்டினாரு.

வெண்டலால முடியல. ஆனா விரல் ஏற்கெனவே அமுக்கியாச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு, முகத்தோட துப்பாக்கியும் திரும்பிடுச்சு. ரெண்டு செகண்டுகூட இல்ல. சத்தம் அடங்கினப்போ மேற்படியார் அதே இடத்துல கையை நீட்டிக்கிட்டேதான் இருந்தாரு. கோழி வலை கிழிஞ்சு தொங்குச்சு. வலைக்குள்ள இருந்த ஒரே வரிசை பீன்ஸ், கம்பு கொடி இலை எல்லாத்தோடயும் தரையில படுத்திருந்துச்சு.

வெர்னா வீட்டுக்குள்ள போனாங்க. வெண்டல், பெட்டி கட்டப் போறாங்கன்னு நெனச்சாரு. அவங்க ஒரு பழைய வாளியோட வந்தாங்க. வாளி நிறைய வீட்டுப் பூனைங்க மூத்திரம் போன மண்ணு. அதை வளை வாசல்ல கொட்டிட்டுத் தள்ளி நின்னாங்க. மேற்படியார் மோந்து பாத்தாரு. ஒரு தும்மல் போட்டாரு. பெரிய மனுஷன் மாதிரி மெதுவா நடந்து, வேலியைத் தாண்டி ஹோமர் நிலத்துக்குப் போய்ச் சேந்தாரு.

"மேடம், இந்த முறை தங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?" பிங்க்லி கேட்டாரு.

"சின்ன வயசுல இருந்து."

"பிறகு ஏன் பயன்படுத்தவில்லை?"

"ஒரு வருஷமா இந்த மனுஷன் காலைல எழுந்து சிரிச்ச மூஞ்சியோட தோட்டத்துக்குப் போறாரு. அதுக்கு முன்னாடி நான் அதைப் பாத்ததில்ல."

பிங்க்லி ஃபைலைத் திறந்து, தேவை இடம்பெயர்ந்ததால அனுமதி ரத்துன்னு எழுதினாரு. துப்பாக்கி திரும்ப டெல்பர்ட்டோட பெட்டிக்குள்ள போச்சு.

வெர்னா மண்டி போட்டு பீன்ஸைப் பொறுக்கினாங்க. பொறுக்கும்போதுதான் கவனிச்சாங்க, எண்பத்தேழு பீன்ஸ்ல நட்டநடுவுல ஓட்டை, குண்டுக்கு ரெண்டு மூணு. வட்டமா, சுத்தமா. ஊசியே வேண்டாம், நூல் நேரா உள்ள போகுது. மாலையாக் கோத்துக் காயவெச்சாங்க. ஆகஸ்ட்ல கண்காட்சிக்குக் கொண்டுபோனா, மேஜை மேல வேற மாலையே இல்ல. மாவட்டத்து பீன்ஸ் மொத்தமும் தேவைகளோட வயித்துல. நடுவருங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு, 'இவ்வளவு சீரான ஓட்டை இதுவரை கண்டதில்லை'ன்னு எழுதி மொதப் பரிசு கொடுத்தாங்க. ஹோமர் பொண்டாட்டி கை தட்டினாங்க, மூணு தடவை.

மறுநாளே வெர்னா டெல்பர்ட் கடைக்குப் போய் பாரம் கேட்டாங்க. பதினாலாவது கேள்விக்கு ரெண்டே வார்த்தை. 'பீன்ஸ் கோக்க.'

மூணு வாரத்துல அனுமதி வந்துடுச்சு. பிங்க்லி தன் கைப்படவே குறிப்பு எழுதியிருந்தாரு, முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த ஆயுதத்துக்கு நியாயமான தேவைன்னு தன் மேஜைக்கு வந்தது இது ஒண்ணுதான்னு.

இப்போ மாவட்டத்துல எல்லா வீட்டுப் பொம்பளைங்ககிட்டயும் அந்த அனுமதி இருக்கு. கண்காட்சில ஊசியால கோத்த மாலையைச் சேத்துக்கறதே இல்ல. ஞாயித்துக்கிழமை விருந்துல பன்னிக்கொழுப்பு போட்டு வேகவெச்ச பீன்ஸைக் கடிச்சா சில சமயம் ஈயக்குண்டுத் துணுக்கு தட்டுப்படும். யாரும் குறை சொல்றதில்ல, துப்பிட்டுச் சாப்பிடறாங்க. பல் டாக்டர் மட்டும் விண்ணப்பமே போடல. அவருக்குத் தேவை தானா வந்து நாற்காலில உக்காந்து வாயைத் திறக்குது.

சட்டப்படி துப்பாக்கி வெர்னா பேர்ல. அவங்க பக்கத்துல இல்லாம வெண்டல் அதைத் தொடக்கூடாது. சனிக்கிழமை காலைல அவர் எண்ணெய்யும் துணியும் எடுத்துக்கிட்டு, தொப்பியைக் கழட்டி, சமையக்கட்டு வாசல்ல வந்து நிப்பாரு. வெர்னா பெட்டியைத் திறந்து துப்பாக்கியை அவர் மடியில வெச்சுட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பாப்பாங்க.

"பதினஞ்சு நிமிஷம்தான் வெண்டல். அதுக்கப்புறம் எனக்கு வேலை இருக்கு."