ஓஸ்மோவுக்கு வராத ‘போதும்’

கிண்ணத்தில் பட்டாணி சூப் விளிம்பைத் தொட்டுவிட்டது. ஓஸ்மோ வாயைத் திறக்கவில்லை. அவன் தினமும் சாப்பிடும் கடையில் பரிமாறுபவள் ஹில்க்கா; கரண்டியோடு நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சலனமும் இல்லை. இன்னும் வேண்டும்போலிருக்கிறது என்று, பன்றி இறைச்சித் துண்டாகப் பார்த்து மேலும் ஒரு கரண்டி ஊற்றினாள். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்போடு பான்கேக் என்பது அந்த நாட்டு வழக்கம்; ஜாம் தடவி அதுவும் வந்தது.

“போதும்” என்றால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் தன்னைப் பற்றி வாய் திறக்காத குவோப்பியோ என்ற பனி ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஊரார் வரிசையில் நிற்கும்போது தன் வயிற்றைப் பற்றிப் பேசுவதா? அதற்குச் செத்தே போகலாம். தட்டில் விழுந்ததை மிச்சம் வைப்பதும் அவன் வம்சத்தில் கிடையாது. முழுவதையும் தின்றுவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

அவன் கவலை வயிறு அல்ல, முட்டி. தேய்ந்துபோன வலது முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வருஷக்கணக்காக வரிசையில் காத்திருந்தான். கடைசியில் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“வசந்த காலத்துக்குள்ள பத்து கிலோ குறைங்க. இல்லேன்னா கத்தி வைக்க மாட்டேன்.”

மனைவி விட்டுப்போனதிலிருந்து வீட்டு அடுப்பில் காபி மட்டும்தான் கொதிக்கிறது. சாப்பாடு வெளியேதான்.

“யோவ், வாயத் திறந்து சொல்லித் தொலையேன்யா!” என்றாள் மர்யுத். அவன் பராமரிப்பு வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனோடு வேலை பார்ப்பவள். “இரு, நானே வந்து சொல்றேன்.”

மறுநாள் வந்தாள். சொன்னாள்.

“ஹில்க்கா, இவருக்குக் கொஞ்சமா போடு. டயட்ல இருக்காரு. பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா, பாவம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கலாம். ஹில்க்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து உருளைக்கிழங்கின் மேல் ஒரு கட்டி வெண்ணெய். போகும்போது கையில் ஒரு பொட்டலம் வேறு.

“இனிப்பு பன் இருக்கு. ராத்திரிக்கு வச்சுக்கோங்க.”

எடை ஏறியது. ஓஸ்மோ கடையை மாற்றினான். துறைமுகம் பக்கம் ஒரு சாலட் கடை. முதலில் யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை, அளவாகப் போட்டார்கள். சொர்க்கமாக இருந்தது. ஒரு வாரம் போனதும் கடைக்காரன் அவனை அடையாளம் கண்டு தலையை ஆட்டினான்.

“நம்ம ஆளாச்சே!” என்று இலைதழைக்கு மேல் பாலாடைக்கட்டியை அள்ளிக் கொட்டினான்.

ஓஸ்மோவும் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்?

முகம் தெரிந்தால் ஆபத்து என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாதவனுக்கு யாரும் அள்ளிப் போடுவதில்லை. ஒரு கடையில் சிரிக்க ஆரம்பித்தார்களா, அடுத்த கடைக்கு ஓட்டம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரம். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தெரிந்தவன், எங்கே என்று கேட்பான். அதனால் நடைதான். மதியம் வேலை முடிந்ததும், பனிச்சேற்றில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பாலம் தாண்டி, ஏரிக்கு அந்தக் கரைக்கு. அங்கே ஒரு துண்டு மீன், கொஞ்சம் பீட்ரூட். திரும்பி வருவதற்குள் ஊரே இருண்டுவிடும்.

முட்டி புளித்த மாவாக உப்பியிருக்கும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு, தூக்கம் வராமல் பல்லைக் கடித்துக் கிடப்பான். பட்டாணி அவனை விட்டபாடில்லை. ஆபரேஷன் மட்டும் ஆகட்டும், இந்தப் பாழாய்ப்போன வலி ஒழிந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

வசந்தம் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் எடைக்கருவியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“அம்மாடி! பன்னிரண்டு கிலோ! எப்படிங்க குறைச்சீங்க?”

ஓஸ்மோவை இதுவரை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், வாழ்க்கையில் முதல் தடவையாக, மடை திறந்தாற்போலப் பேசினான். ஹில்க்கா, சாலட் கடை, பாலம், அந்தக் கரை எல்லாம் வந்தது.

“அவ்வளவு தூரமும் நடந்தேவா?”

“நடந்தேதான்! பனி கொட்டினாலும் ஒரு நாள் விட்டதில்ல.”

நர்ஸ் அதையெல்லாம் கணினியில் தட்டினாள். உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, அவன் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. இவ்வளவு நடக்கிறவருக்கு எதுக்கு ஆபரேஷன்னு டாக்டர் உங்க பேரை வரிசையிலேருந்து எடுத்துட்டாரு.”