கோச்சி வரும்வரை பொறுத்திருந்த டொக்டர்

ஒரே கட்டிலில் படுக்கும் இருவருக்குத் தங்கள் விசயத்தைக் கதைக்க மூன்றாவது ஆள் ஏன் வேண்டியிருக்கிறது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அந்த மூன்றாவது ஆள் ரயில்பாதையோரம் இருக்கும் எங்கள் கோச்சி டொக்டர் என்றால், கூடவே வெள்ளவத்தை ஊர் முழுவதும் வந்துவிடும்.

அவருக்கு மெல்லப் பேச வராது. "காய்ச்சலோ?" என்று உள்ளே கேட்டால் கடற்கரையில் நிற்பவர் "ஓம்" என்பார். அவருடைய அறைக்கும், வெளியே வாங்கில் குந்தியிருந்து காத்திருப்பவர்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். ஆகவே அந்தரங்க விசயம் என்றால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். பின்னால் தண்டவாளத்தில் கோச்சி வந்ததும் அந்த இரைச்சலுக்குள் ஆலோசனை முழுவதையும் கத்தி முடிப்பார். ரயில் வேலைநிறுத்தத்தின்போது ஒரு மூலநோய்க்காரர் அது முடியும்வரை உட்கார முடியாமல் திரிந்தாராம்.

மகள் பிறந்தபின் என் கணவர் சுவரைப் பார்த்துப் படுக்கப் பழகியிருந்தார். தொடங்கிய உடனே முடிந்துவிடும். "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடுவார். எனக்குக் கோபம் இல்லை. அந்த முதுகோடு தனியாக இருப்பதுதான் தாங்கவில்லை. அம்மாவிடம் சொல்லக்கூடிய கதையா இது? கணவர் விளம்பரம் பார்த்து ஒரு லேகியம் வாங்கி ஒளித்து வைத்ததைக் கண்ட பிறகு, மகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று சாட்டுச் சொல்லி டொக்டரிடம் அவரையும் கூட்டிப் போனேன்.

டொக்டர் மகளைப் பார்த்தார். "இவளுக்கு ஒண்டுமில்லை. ஆருக்கு வருத்தம்?"

கணவர் முணுமுணுத்தார். டொக்டரின் கை உயர்ந்தது. காத்திருந்தோம். கோச்சி வந்தது.

"தம்பி, இது கனபேருக்கு இருக்கு! ஆம்பிளைத்தனத்தோட சம்பந்தமில்லை! பிள்ளை எழும்பிடும், அம்மா ஹோலில இருக்கிறா எண்டு அவசரப்பட்டே பழகிட்டீர்! பயந்தா இன்னும் கெதியாத்தான் முடியும்! கிட்ட வருகுது எண்டு தெரிஞ்சா..."

சிக்னல் விழாமல் கோச்சி நின்றுவிட்டது. டொக்டர் நிற்கவில்லை.

"...நிப்பாட்டும்! மூச்சை விடும்! அடங்கினாப் பிறகு திரும்பத் தொடங்கும்! பழகப் பழகப் பிந்தும்! பிள்ளை, நீரும் சேர்ந்துதான் பழகோணும்!"

பிறகு தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு முதிய குரல்: "டொக்டர், முதல் சொன்னது வடிவாக் கேக்கேல்லை. எப்ப நிப்பாட்டுறது?"

"உமக்கு மூச்சு முட்டுற வருத்தம்! சும்மா இரும்!"

கணவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டேன்.

"லேகியத்தைக் குப்பையில போடும். இதில சரிவராட்டி வாரும், குளிசை மருந்து இருக்கு," என்றார் டொக்டர்.

பழகினோம். மெல்ல மெல்ல நிலைமை மாறியது. ஆனாலும் சில நாட்கள் பழையபடிதான். அப்போது அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் போய்விடுவார். நான் தொட்டால் ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னும் சுருங்குகிறார்.

டொக்டர் மகனோடு மெல்பேர்ன் போய்விட்டார். இருந்திருந்தால், வாங்கில் இருக்கும் எல்லோருக்கும் கேட்டாலும் பரவாயில்லை என்று அவரிடமே போயிருப்பேன். எத்தனை நிமிடம் என்று நான் பார்ப்பதில்லை, கணவர் முகத்தைப் பார்த்தபடி தூங்கத்தான் ஆசை. இதைப் பரிதாபம் என்று அவர் நினைக்காதபடி எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.