குளியலறைக் கட்டையும் பல் டாக்டரும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். உங்கள் தங்கை மட்டும் ரொம்ப ரொம்ப சுகம். முகத்தில் ஒரு களை, நடையில் ஒரு துள்ளல், அடுப்படியில் வாய்க்குள்ளேயே ஒரு பாட்டு. இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான்.

நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பல் டாக்டரை மட்டும் சொல்கிறேன். கடைவாய்ப் பல் வலி என்று உங்கள் தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தெருமுனை டாக்டரிடம் போய்க் காட்டு என்று அனுப்பிவைத்த புத்திசாலி நான்தான். கூடப் போயிருக்கலாம். பட்டறையில் ஒரு அலமாரிக் கதவுக்கு அப்போதுதான் மெருகு போட்டிருந்தேன், ஈ உட்கார்ந்துவிடுமே என்று நகரவில்லை. போனவள் வாயில் பஞ்சோடு வந்தாள். பேச முடியவில்லை, ஆனால் கண் இரண்டும் பேசின. பஞ்சை எடுத்த பிறகு விஷயம் வந்தது. டாக்டர் பல் பார்க்கிற கூடத்துச் சுவர் முழுக்கக் காளான் படமாம், எல்லாம் அவரே பிடித்ததாம், மக்கிய மரத்தில் முளைக்கிற குட்டிக் காளான்களைத் தேடி ஒரு கோஷ்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் தோப்புப் பக்கம் போகிறதாம், இவளையும் வரச்சொன்னாராம். சாப்பிடவா என்று கேட்டேன். "ஐயோ, சாப்பிடவே கூடாது. பேரு கண்டுபிடிக்கணும்" என்றாள். கண்டுபிடித்து என்ன செய்வதாம்? "அடுத்ததைத் தேடணும்" என்றாள். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கேட்பான், சொல்லுங்கள்.

மச்சான், நான் மரத்துக்கு மெருகு போட்டுப் பிழைக்கிறவன். மரம் மக்கக் கூடாது என்பதற்காகவே பாதி ஆயுளைக் கரைத்தவன். அந்த டாக்டரும் சொத்தையைச் சுரண்டித்தான் சோறு தின்கிறார். வாரம் முழுக்கச் சொத்தையோடு சண்டை, ஞாயிறு மட்டும் சொத்தையோடு சல்லாபமா? இதை அவளிடம் சொன்னால் சிரிக்கிறாள். அதுவும் எனக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, டாக்டரிடம் சொல்லிச் சிரிக்கலாமே என்று எடுத்து வைத்துக்கொள்கிற சிரிப்பு.

நகக்கண் அளவு காளானுக்கு அவர்கள் நடத்துகிற விசாரணை இருக்கிறதே, கொலைக் கேஸில்கூட அப்படி நடக்காது. தனியாக முளைத்ததா, கூட்டமாகவா, குடை வழுவழுப்பா, சொரசொரப்பா, குடைக்கு அடியில் இருக்கிற மடிப்பெல்லாம் காம்பைத் தொடுகிறதா, ஒதுங்கி நிற்கிறதா, முகர்ந்தால் என்ன வாசனை, கிள்ளினால் என்ன நிறத்தில் சொட்டு வருகிறது. இவ்வளவும் கேட்டபின்பும் பேர் தெரியாது. குடையைத் தனியாகக் கிள்ளி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரைப் போட்டு மூடி வைக்க வேண்டும். மறுநாள் காகிதத்தில் மாவு மாதிரி தூள் கொட்டியிருக்கும், அந்தத் தூளின் நிறத்தை வைத்துத்தான் முடிவு. மூடின டம்ளர் என் டீ டம்ளர். எடுக்கப் போனேன். "தொடாதீங்க, காத்து பட்டா தூள் கலைஞ்சிடும். நீங்க கப்புல குடிங்க" என்றாள். கல்யாணமான நாள் முதல் நான் அந்த டம்ளரில்தான் குடிக்கிறேன். இப்போது அதற்குள்ளே ஒரு காளான் நிம்மதியா படுத்துக் கெடக்கு, நான் வெளியே கப்போட நிக்கிறேன்.

என்னைப் பார்க்கும்போது அவள் மூக்குக்கண்ணாடிகூடப் போடுவதில்லை. காளான் என்றால் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் லென்ஸ், அதற்கு மேல் டார்ச். எனக்குப் பொறாமைதான், இதுல மறைக்க என்ன இருக்கு. டாக்டர் மேல பொறாமை, காளான் மேல பொறாமை, அவ கையில இருக்கிற லென்ஸ் மேலகூடப் பொறாமை.

அதோடு விட்டதா? தோப்பிலிருந்து ஒரு மக்கின கட்டையைப் பட்டறைத் தள்ளுவண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஈரம் வேண்டுமாம், நிழல் வேண்டுமாம், ஆகவே குளியலறையில் வைத்தாள். தினமும் நான் குளிக்கும்போது அது மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணியை மெதுவா ஊத்துங்க, சோப்பு நுரை பட்டுடப் போகுது என்று வெளியிலிருந்து குரல் வரும். கட்டையில் பழுப்பு நிறத்தில் தீக்குச்சி முனை மாதிரி ஒரு கொத்து முளைத்ததும் டாக்டருக்குப் போன் போனது. நான் தலையில் எண்ணெயோடு குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவர் வந்தார். உங்கள் தங்கையும் அவரும் என் குளியலறையில் மண்டிபோட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு, "மடிப்பைப் பாருங்க, மடிப்பைப் பாருங்க" என்று கிசுகிசுக்கிறார்கள். என் வீட்டில், என் குளியலறைக்கு வெளியே, நான் துண்டும் சோப்பு டப்பாவுமாக நிற்கிறேன். "கொஞ்சம் பொறுங்க சார்" என்கிறார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு அவர்கள் தோப்புக்குப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகு ஒரு கிண்ணம் எடுத்து, கட்டை முழுக்க ஒரு பூச்சு பூசிவிட்டேன். துவாரம் அடைபட்டால் எதுவும் முளைக்காது, இது தொழில் தெரிந்தவன் கணக்கு. காளான் மேலேயும் பிரஷ் பட்டது. பட்டது என்ன, பூசினேன். பழகின கை பாருங்கள், ரெண்டாவது பூச்சும் போட்டுவிட்டது. டாக்டரோடு திரும்பி வந்தவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் உட்கார்ந்தேவிட்டார். குடை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, தொட்டால் விறைப்பாக இருக்கிறது, மடிப்பு நுனியில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகத் தொங்குகிறது. "இப்படி ஒண்ணை எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்லையே" என்று புரட்டுகிறார், முகர்கிறார். "ரொம்பச் சுத்தமான வாசனைங்க. எனக்கு ஏற்கெனவே பழக்கமான வாசனை மாதிரி இருக்கு" என்கிறார். பகல் பூராவும் ஸ்பிரிட்டில் கை கழுவுகிற மனுஷனுக்கு வேறு எப்படி இருக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறாராம். புதுக் காளான் என்று ஆகிவிட்டால் உங்கள் தங்கை பேரையே அதற்கு வைத்துவிடலாம் என்றார்.

அதுதான் மச்சான் என்னைச் சுட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் அவள் பேரை ஒரு முக்காலிக்குக்கூட வைத்ததில்லை. பட்டறைப் பலகையில் எங்க அப்பா பேரு, முத்திரையில என் பேரு. நேத்து வந்த மனுஷன் சுலபமா சொல்லிட்டான், நான் பூசின மெருகுக்கு அவ பேரு. உண்மையைச் சொன்னா அவ என்னை மதிக்க மாட்டா. சொல்லலேன்னா அவ பேரு அவர் தயவுல நிக்கும். ரெண்டு பக்கமும் போக முடியாம முழிச்சுக்கிட்டிருக்கேன்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் தயவுசெய்து கிளம்பி வாருங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள். காளானை விடச் சொல்லுங்கள், கட்டையை வெளியே போடச் சொல்லுங்கள், என் டம்ளரை வாங்கித் தாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி என்றென்றும் உண்டு. உங்கள் வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் ஈரம் படாமல் நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தபால்தலை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை மேஜையில் இருந்த இதை முழுக்கப் படித்துவிட்டாள். நான் வாசலோடு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். "பார்த்த அன்னிக்கே தெரியும். இந்த மெருகு வாசனையோடதானே இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன்" என்றாள். டாக்டருக்கும் அன்று மாலையே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம், தன் கை வாசனை என்று நினைத்தேன் என்றாராம் அவர். அப்புறம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் விஷயத்துல நீங்க இவ்வளவு மெனக்கெட்டு இப்பதான் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமேன்னு இருந்துட்டேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மண்டி போடாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு குட்டி முக்காலி செய்திருக்கிறேன், அடியில் அவள் பேரைச் செதுக்கியிருக்கிறேன். மெருகு போட எடுத்தேன், தடுத்துவிட்டாள். "அது பாட்டுக்கு மக்கட்டும். என்ன முளைக்குதுன்னு ரெண்டு பேருமா பார்ப்போம்" என்றாள். இனிமேல் நானும் கூடப் போகிறேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். "சின்ன வயசுல எங்க அண்ணன் எந்தக் காளானைக் காட்டினாலும் பேர் சொல்லிடுவான்" என்று பேச்சோடு பேச்சாக உங்களைப் பற்றி ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். நீங்கள் அங்கேயே சுகமாக இருங்கள்.