நாலு படகும் ஓட்ட

இந்த வருஷமும் மனைவி பாஞ்சாலியைப் படகில் ஏற்றுவதில்லை என்று ராஜாக்கண்ணு பல் துலக்கும்போதே தீர்மானம் போட்டுவிட்டான். எதிர்த்து ஓட்டுப்போட ஆள் இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது.

மலையேரிக் கிளப்பின் படகுக் காவலாளி அவன். கோடையானால் போளூரிலிருந்து உறுப்பினர்கள் டிரான்சிஸ்டரும் தொப்பியுமாக, குடும்பத்தோடு வருவார்கள். உறுப்பினரின் மனைவி படகில் போகலாம்; காவலாளியின் மனைவி கரையில் வடை சுட்டுத் தரலாம். என்ன நியாயம் இது? ஏரித் தண்ணீருக்கு ஆள் பார்க்கத் தெரியுமா?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாஞ்சாலிக்கு ஒரே ஆசை. அக்கரைப் புங்கமரத்து நிழலைத் தண்ணீர் வழியாகப் போய்த் தொட வேண்டும். சாயங்காலமானால் அந்த நிழல் பாதி ஏரி வரைக்கும் நீண்டு வரும். மீதிப் பாதியைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும். வடைச்சட்டியைக் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சீசன் முடியட்டும்" என்பான் ராஜாக்கண்ணு. நிஜக் காரணம் வேறு. அவனுக்குப் படகு ஓட்டத் தெரியாது. முட்டியளவு தண்ணீரைத் தாண்டியதில்லை. பெண் பார்க்கப் போனபோது மட்டும் "புயல்லயே ஓட்டியிருக்கேன்" என்று அளந்துவிட்டான். மலைமேல் ஏது புயல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவளை வாய் திறக்க விட்டால்தானே!

இப்போது சீசன் முடிந்தேவிட்டது. விரிசல் பார்த்து, சணல் அடைத்து, தார் பூச நாலு படகையும் ஏரி விளிம்பில் இழுத்துப் போட்டிருந்தான். சாயங்காலம் பாஞ்சாலி வந்து நின்றாள்.

"இன்னாமே, பூவெல்லாம் வெச்சிகினு?"

"சீசன் முடிஞ்சிச்சில்ல? ஏத்து."

ராஜாக்கண்ணு முகத்தை எழவு வீடு மாதிரி வைத்துக்கொண்டான். "போலாம்னுதான் இருந்தேன். ஆனா நாலு படகும் ஓட்ட."

"ஓட்டத்தானே படகு?"

"ஐயோ, ஓட்டைமே! பொத்தல்! தண்ணி உள்ள பூந்துடும்."

"பூராது."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"மத்தியானம் நீ கொறட்ட வுட்டப்போ நாலுலயும் குடம் குடமா தண்ணி ஊத்திப் பாத்தேன். பொத்தல் இருந்தா வெளிய ஒழுவணுமே? ஒரு சொட்டு வரல. மொண்டு கொட்டி, தொடச்சும் வெச்சிட்டேன். வாய்யா."

ஓட்டை பொய்யில்தான் இருந்தது. தார் வைத்து அடைக்க முடியாத இடம்.

"எனுக்கு... தோள்பட்ட வலி. துடுப்பு போட முடியாது."

"நான் போடறேன்."

"துடுப்பு புடிச்சிருக்கியா நீ?"

"தினம் உனுக்குக் களி கிண்டறேனே, அது இன்னா, தேக்கரண்டியா? அதுவும் துடுப்புதான்!"

படகைத் தண்ணீரில் தள்ளினாள். அவன் ஒரு காலைத் தூக்கினான். படகு லேசாக ஆடியது. காலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.

"பயமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் குனிந்து தார்ச்சட்டியைக் கிளறினான்.

"எனுக்குத் தெரியும்யா. எப்பவோ தெரியும். இந்தச் செருப்ப பாத்துக்கோ."

படகு முதலில் செக்குமாடு மாதிரி ரெண்டு சுற்று சுற்றியது. பிறகு வழிக்கு வந்தது. துடுப்புப் போடுகிறவர் முகம் கிளம்பிய கரையைப் பார்த்துத்தான் இருக்கும். அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. படகில் அவளுக்கு எதிர்ப்பலகையில் தான் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ராஜாக்கண்ணுவுக்கு நெஞ்சு ஏங்கியது. கையை ஆட்டினான். அவளுக்கு இரண்டு கையிலும் வேலை.

பாதி ஏரியில் புங்கமர நிழல் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. கரையில், நாலு படகுக்குக் காவலாளி ஒரு ஜோடி செருப்புக்குக் காவல் நின்றான்.