கையெழுத்தில்லாமல் உள்ளே வந்த பூஜ்யம்

மணி என்ன என்று கேட்ட ஓர் அடுப்புக்கு, கேட்கும்போதெல்லாம் ‘பூஜ்யம்’ என்று பதில் சொன்னவன் நான். பொறியியல் பட்டம் வாங்கியவன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். அன்று என்னைக் காப்பாற்றியவர் எங்கள் கம்பெனியின் பழைய டெக்னீஷியன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை கண்டதிலேயே மகா சந்தேகப் பிராணி. அவருக்குப் பெயர் இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. ‘கேட் பாஸ்’ என்றால் ஆரம்பாக்கம் வரை தெரியும்.

பெயிண்ட் காயவைக்கும் அடுப்புகளுக்கு நாங்கள் கன்ட்ரோலர் போர்டு செய்தோம். மாடி ரூமில் உட்கார்ந்து சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை; கேட் பாஸுக்கு நான் ‘மாடி ரூம் சார்’. ஃபங்ஷன் என்று நாங்கள் சொல்லும் புரோகிராம் துண்டுகளை ஒன்றாகத் தைக்கிற லிங்கர் என்ற மென்பொருள், ‘இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்கிறாய், அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று தினமும் முரண்டு பிடிக்கும். கம்ப்யூட்டர் என்றால் மணி சொல்ல, எழுதிக்காட்ட உள்ளே ஆளிருக்கும். எங்கள் போர்டு உள்ளங்கை அகலம். இல்லாதவர்களை நாமே எழுதித் தரவேண்டும்.

அதற்காகவே கேட் பாஸ் செக்யூரிட்டியிடம் ஒரு விசிட்டர் நோட்டு வாங்கி வைத்திருந்தார். காணாத ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், யாரைப் பார்க்க, கையில் என்ன, குறிப்பு. கடைசியில் அவர் கையெழுத்து.

“எழுதிக்காட்டுற பிரிண்ட்எஃப் போட்டுக்கீறியே சார், போர்டுல ஸ்கிரீனே இல்ல. யாருக்குக் காட்டப்போற?”

“பழக்கத்துல போட்டுட்டேன்.”

‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் ‘பழக்கம்’ என்று எழுதிக்கொண்டார்.

ஒருநாள் அவர் உரம் வாங்க ஊத்துக்கோட்டை போயிருந்தார். மதியம் பீரோ கம்பெனியில் போர்டை மாட்டியாகவேண்டும். போர்டு திரும்பி வந்தால் என்னை சேல்ஸுக்கு மாற்றிவிடுவதாக எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். மணி சொல்லும் ஃபங்ஷனைக் காணோம் என்றது லிங்கர். அதே பெயரில் ஒன்றை எழுதி, யார் கேட்டாலும் பூஜ்யம் சொல் என்று உட்காரவைத்தேன். லிங்கர் வாயை மூடியது. எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன்.

அடுப்பு இருபது நிமிஷத்தில் அணையவேண்டும். ஒரு மணிநேரமாகியும் அணையவில்லை. வெள்ளையாக உள்ளே போன பீரோ கதவு டிகிரி காபி நிறத்தில் வெளியே வந்தது.

“இன்னா கலரு இது?” என்றார் பீரோ கம்பெனி முதலாளி.

“புது ஷேடு” என்றேன்.

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாங்காட்டி டப்பாவ தூக்கினு கெளம்பு.”

போன் செய்தேன். கேட் பாஸ் உர மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பையிலிருந்து நோட்டு வந்தது.

“மணிக்காரர் உள்ள குந்திக்கினுகீறாரு. கையெழுத்து எங்க சார்?”

நான் எழுதிய பூஜ்ய வரியை லேப்டாப்பில் காட்டினேன்.

“எப்பக் கேட்டாலும் பூஜ்யம்னா, அது பாவம், இப்பதான் ஆரம்பிச்சோம்னு நெனச்சிக்கினு எரியுது.”

போர்டிலேயே ஒரு கடிகாரச் சில்லு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மணி சொல்லும்படி நாலு வரி எழுதினார். அடுத்த கதவு உள்ளே போன இருபதாவது நிமிஷம் ‘டக்’. அடுப்பு அணைந்தது, கதவு வெள்ளை.

யார் தப்பு என்று முதலாளி கேட்டார்.

“வயரு லூசு மொதலாளி” என்றார் கேட் பாஸ், என்னைப் பார்க்காமல்.

அவர் வேலையை விட்டுப் போனபின் அந்த நோட்டு என்னிடம் வந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: ‘பெயர்: மாடி ரூம் சார். யாரைப் பார்க்க: அவருக்கே தெரியாது. கையில்: ஒன்றுமில்லை. குறிப்பு: இருக்கட்டும்.’ பக்கத்தில் கையெழுத்து.

செக்யூரிட்டியிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“கையில ஒண்ணுமே இல்லாம வந்தவர உள்ள வுட்டுக்கீறாரு. நானா இருந்தா வுட்டிருக்க மாட்டேன் சார்.”