மதாம் யொலெட் கொசுறு போடவில்லை

பிளாட்புஷ், புரூக்ளின்
டிசம்பர் 29

மரியாதைக்குரிய கிளெர்சினா அக்காவுக்கு, தம்பி ஒரெலுஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. நம் ஊர் ஜெரெமியில் நீயும் உன் ஆடுகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் சுகமாயில்லை. என்னை நடுக்கடையில் அவமானப்படுத்திவிட்டார்கள்.

மதாம் யொலெட்டின் மளிகைக் கடைதான். பஸ் ஓட்டிய காலத்திலிருந்து கருவாடும் கறுப்புக் காளானும் அங்கேதான் வாங்குகிறேன். நம் ஊர்ச் சந்தை வழக்கப்படி நான் அவளை "வாடிக்கை" என்பேன், அவளும் என்னை "வாடிக்கை" என்பாள். எது வாங்கினாலும் மேலே ஒரு கை கொசுறு விழும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டே விட்டேன்: "யொலெட், நீயும் தனி, நானும் தனி, கல்யாணம் பண்ணிக்கலாமா?" "நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றாள்.

தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். ஜனவரி ஒண்ணாந் தேதி நம் நாட்டுச் சுதந்திர நாள் சூப்புக்கு முழுப் பூசணிக்காய் ஒன்று கேட்டேன். நிறுத்து வைத்தாள். அவ்வளவுதான். ஒரு மிளகாய்கூட இல்லை.

"கொசுறு?" என்றேன்.

"உங்களுக்கு இனிமே கிடையாது."

எனக்குப் பின்னால் நின்ற தையல்காரன் செவேருக்கு மட்டும் ரெண்டு மிளகாய், போதாததற்கு ஒரு எலுமிச்சை. "என்ன ஒரெலுஸ், வாடிக்கை போச்சா?" என்று இளிக்கிறான். பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, மிளகாயை வைத்தா சொல்வது? பூசணியை அங்கேயே போட்டுவிட்டு, எதிர் சூப்பர் மார்க்கெட்டில் டின் பூசணி வாங்கிவந்து சூப் வைத்துப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே சர்க்கரையும் பட்டையும் கலந்திருக்கிறார்கள் அக்கா. சுதந்திர நாள் சூப்பில் பட்டை வாசம் அடித்தால் நம் முன்னோர்கள் எழுந்து வந்து அறைய மாட்டார்களா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊர் போதும். பின்கட்டு அறையை ஒழித்து வை, வந்துவிடுகிறேன்.

உனக்கு முத்தங்கள், ஆடுகளுக்கு ஆசீர்வாதம்.

மனம் நொந்த தம்பி,
ஒரெலுஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மதாம் யொலெட், இடுப்பில் பூசணிக்காயோடு.

"இத விட்டுட்டு வந்துட்டீங்களே, ஒண்ணாந் தேதி என்னத்தக் குடிப்பீங்க?"

"கொசுறு இல்லன்னு சொன்னவ எதுக்கு வந்தே?"

"கொசுறு வாடிக்கைக்காரங்களுக்குப் போடறது. வீட்டு மனுஷனுக்கு எவளாவது போடுவாளா? நீங்க கேட்டதுக்கு அதான் பதில். அது புரியாம கோவிச்சுக்கிட்டு ஓடிட்டீங்க."

அக்கா, பின்கட்டு அறை வேண்டாம். பெரிய அறையை ஒழித்து வை, ரெண்டு பேராக வருகிறோம். கல்யாணத்துக்குக் கோட்டு செவேரிடம்தான் தைக்கக் கொடுக்கப் போகிறேன். கொசுறு வாங்காமல் விடமாட்டேன்.